உயரமான எதிராளியிடம் எந்த ஜாப் எடுபடும்?

ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், ஒரு தலை உயரம் கூடுதலான ஆள் எதிரே வந்து நின்றதும் குள்ளமான பாக்சர் முதலில் கைவிடுவது ஜாபைத்தான், முன்னால் இருக்கும் கையால் நேராகப் போடும் அந்த வேகக் குத்தை. "அவர் கை என் முகத்துக்கு வந்துவிடும், என் கை அவர் முகத்துக்குப் போகாது, அப்புறம் எதற்கு ஜாப்?" என்று மனசு சொல்லும். தலையைக் குனிந்துகொண்டு, பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் பெரிய ஹுக் ஒன்றை வீசியபடி உள்ளே பாய்வதுதான் ஒரே வழி என்று தோன்றும். எனக்கு உயரம் 165 சென்டிமீட்டர். பயிற்சியின் முதல் இரண்டு வருடமும் நான் அப்படித்தான் பாய்ந்துகொண்டிருந்தேன். பெரும்பாலும் பாதி வழியிலேயே மூக்கில் வாங்கினேன். எப்போதாவது உள்ளே போய்ச் சேர்ந்தாலும் மூச்சு வாங்கியதே தவிர, குத்துவதற்குக் கால் சரியான இடத்தில் இருக்காது.

குள்ளமானவருக்குத்தான் ஜாப் அதிகம் தேவை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். உயரமானவர் ஜாப் சுமாராக இருந்தாலும் தூரத்தை வைத்தே ஒப்பேற்றிவிடுவார். நாம் அந்தத் தூரத்தைக் கடந்தாக வேண்டும். கடக்கும் அந்த அரை நொடியில் அவர் கண்ணையும் கையையும் எதிலாவது மாட்டிவைக்க வேண்டும். அதற்கு ஜாபைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. ஆனால் எந்த ஜாப்? மூலையிலிருந்து "ஜாப் போடு, ஜாப் போடு" என்று கத்துபவர்கள் அதைச் சொல்வதில்லை. தலைக்கு ஒற்றை ஜாப், இரட்டை ஜாப், உடலுக்கு ஜாப், அவர் ஜாபுக்கு எதிர் ஜாப், கையைக் குறிவைக்கும் ஜாப் என்று ஐந்து வழி நம்மிடம் இருக்கிறது. ஒருவரிடம் எடுபடுவது இன்னொருவரிடம் நமக்கே அடி வாங்கித் தரும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது, அந்த உயரமான ஆள் தன் ஜாபைப் போட்ட பிறகு என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது. இத்தனை வருடத்தில் நான் புரிந்துகொண்டது அதைத்தான்.

இடது கையும் இடது காலும் முன்னால் இருக்கும் ஆர்த்தடாக்ஸ் நிலையை வைத்தே எழுதுகிறேன். எதிராளியும் அப்படியே நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது கையும் வலது காலும் முன்னால் இருக்கும் சவுத்பா விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

காணாமல் போகும் ஐந்து சென்டிமீட்டர்

கை முழு நீளத்துக்கும் எட்டுவது தோள் மட்டத்தில்தான். அதற்கு மேலேயோ கீழேயோ குத்தினால் கை சாய்வாகப் போகும். சாய்ந்து போகும் கை முன்பக்கமாகக் குறைந்த தூரமே எட்டும். பள்ளியில் படித்த செங்கோண முக்கோணம்தான். தோளிலிருந்து முஷ்டிவரை 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் உயரமே உள்ள ஆளின் தாடை நம் தோளைவிட ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் மேலே இருக்கும். அங்கே குத்தினால் 68 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் எட்டும், பெரிய இழப்பில்லை. எதிராளி 15 சென்டிமீட்டர் உயரம் கூடியவர் என்றால் தாடை நம் தோளுக்கு 30 சென்டிமீட்டர் மேலே போய்விடுகிறது. இப்போது எட்டுவது 63 சென்டிமீட்டர்தான். அவர் கை நம் கையைவிட ஒரு துளிகூட நீளமில்லை என்றாலும் வெறும் கோணத்தாலேயே ஐந்து சென்டிமீட்டர் போய்விட்டது.

அவர் பக்கம் நின்று பாருங்கள். நம் தாடை அவர் தோளுக்கு நேர் மட்டத்தில் இருக்கிறது. அவர் ஜாப் ஒரு சாய்வும் இல்லாமல் முழு நீளத்துக்கு வருகிறது. கை நீள வித்தியாசத்தோடு இந்த வித்தியாசமும் சேர்ந்துகொள்ளும். நிமிர்ந்து நின்று தலைக்குத் தலை ஜாப் போட்டுக்கொண்டால் நாம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் நஷ்டக் கணக்குதான்.

அதே கணக்கு நமக்குச் சாதகமான இன்னொன்றையும் சொல்கிறது. அவருடைய நெஞ்சு நம் தோள் மட்டத்துக்கு வருகிறது. முழங்காலை மடக்கிக் கொஞ்சம் இறங்கினால் அவர் வயிற்றுக்குழி நம் முஷ்டிக்கு நேர் எதிரே வந்துவிடும். அங்கே நம் கை முழு நீளமும் எட்டும். நாம் இறங்கியதால் நம் தாடை அவர் தோளுக்குக் கீழே போய்விட்டது. இப்போது சாய்வாகக் குத்த வேண்டியவர் அவர்.

இன்னொரு விஷயம், உயரத்தையும் ரீச்சையும் (விரித்த இரு கைகளின் மொத்த நீளம்) ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. பழைய ஹெவிவெயிட் சாம்பியன் சோனி லிஸ்டன் 185 சென்டிமீட்டர் உயரம்தான். இரு கைகளையும் விரித்தால் 213. தன்னைவிட உயரமானவர்களைக்கூட அவர் ஜாபால் தள்ளி நிறுத்த முடிந்தது அதனால்தான். ஆள் நெட்டையாக இருந்து கை நீளம் சாதாரணமாக இருப்பதும் உண்டு. அதனால் எதிரே நிற்பவரின் தலையை அண்ணாந்து பார்த்துப் பயப்படுவதற்கு முன்னால், முதல் நிமிடத்தில் அவர் கையை அளந்துவிடுங்கள்.

எடைப் பிரிவும் இதில் சேர்கிறது. ஒரே எடையில் இரண்டு பேர் நின்றால் உயரமானவர் பெரும்பாலும் ஒல்லியாக, நீண்ட உடம்போடு இருப்பார். அந்த நீண்ட உடம்பு நமக்கு இலக்கு. மேரி கோம் 48 கிலோவில் உலகப் பட்டங்களை வென்றவர். பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவு இல்லாததால் 51 கிலோவுக்கு ஏறினார். தன்னைவிட உயரமான, கனமான பெண்களோடு மோதி அரையிறுதி வரை போய், பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸிடம் 11-6 என்று தோற்று வெண்கலம் வாங்கினார். மூன்று கிலோ ஏறினாலே எதிரே நிற்பவர்களின் தோள் எந்த மட்டத்துக்குப் போகிறது என்பது, அப்படி ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தலைக்கு ஒற்றை ஜாப்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நின்ற இடத்திலிருந்து நேராகத் தலைக்குப் போடும் ஒற்றை ஜாப், உயரமானவரிடம் புள்ளி வாங்கித் தராது. மேலே பார்த்த கணக்குதான் காரணம். இதற்கு ஒரு பயன் உண்டு: விசாரிக்க. முதல் ரவுண்டில் மூன்று நான்கு முறை, படாது என்று தெரிந்தே, தாடையை இடது தோளுக்குள் புதைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். அவர் பின்னால் போகிறாரா, கையால் தட்டுகிறாரா, உடனே வலது கையால் குத்துகிறாரா, அணைத்துக்கொள்ள வருகிறாரா என்று தெரிந்துவிடும். மற்ற நான்கில் எதை எடுப்பது என்பதை அந்தப் பதில் சொல்லும்.

இரட்டை ஜாப்

இரட்டை ஜாபில் முதலாவது படுவதற்காகப் போடுவதில்லை. அது அவர் கையை மேலே தூக்க வைக்கும், அல்லது ஒரு அடி பின்னால் போக வைக்கும். இரண்டாவதுதான் நம்மோடு நடந்து வரும் ஜாப்.

இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. இரண்டு முறை கை போகும், கால் ஒரு முறைதான் போகும். அப்படிப் போட்டால் இரண்டாவது குத்தில் உடம்பு முன்னால் விழுந்து, தலை முன்காலைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். உயரமானவர் ஆசைப்படுவது அதைத்தான். ஒவ்வொரு ஜாபுக்கும் ஒரு அடி எடுத்து வைக்க வேண்டும். பின்கால் அதே இடைவெளியில் கூடவே வர வேண்டும். முதல் ஜாபுக்குப் பிறகு கையைத் தாடைவரை இழுக்காமல் பாதியிலிருந்தே இரண்டாவதை அனுப்பலாம். இரண்டும் ஒரே தாளத்தில் போகக் கூடாது. முதலாவது லேசாக, வேகமாக. இரண்டாவது ஒரு கணம் தாமதித்து, கனமாக. தாளம் பிடிபட்டுவிட்டால் இரண்டு ஜாபுக்கும் நடுவில் மேலேயிருந்து அவர் வலது கை வந்து இறங்கும்.

பின்வாங்கிப் பின்வாங்கி ஜாப் போடும் உயரமானவரிடம் இதற்கு நிகரில்லை. பின்னால் போகிறவரால் கனமாகக் குத்த முடியாது. நாமோ ஒவ்வொரு அடியிலும் முன்னேறுகிறோம். பிலிப்பைன்ஸ் பாக்சர் மானி பாக்கியாவோ 166 சென்டிமீட்டர். 2010 நவம்பரில் அவர் வென்ற அந்தோனியோ மார்கரீட்டோ 180. பாக்கியாவோ சவுத்பா என்பதால் அவருடைய ஜாப் வலது கையில் வரும். இரண்டு ஜாபைக் காட்டி உள்ளே நுழைந்து பின்னாலேயே இடது கையை விடுவதும், எதிராளி பதில் தருவதற்குள் கோணம் மாறி வெளியேறுவதும் அவருக்குக் கைவந்த கலை. அந்தக் கால் வேகம் எல்லோருக்கும் வராது. ஆனால் கையும் காலும் சேர்ந்து போகும் ஒழுங்கை யாரும் பழகலாம்.

இடத்தைவிட்டு நகராமல் நின்று வலது கையால் குத்தக் காத்துக்கொண்டிருப்பவரிடம் இரட்டை ஜாப் வேண்டாம். நாமே நடந்துபோய் அந்தக் கையில் முகத்தைக் கொடுப்பதுபோல் ஆகிவிடும்.

உடலுக்கு ஜாப்

என்னைக் கேட்டால் குள்ளமானவர் முதலில் போட வேண்டிய அஸ்திவாரம் இதுதான். தலையைப் பின்னால் இழுத்துக் குத்தைத் தவிர்க்கலாம், பக்கவாட்டில் அசைத்துத் தவிர்க்கலாம். வயிற்றை அப்படி இழுக்க முடியாது. அதை நகர்த்தக் காலை நகர்த்தியாக வேண்டும். நம் கை முழு நீளமும் எட்டுகிற இடமும் அதுதான்.

செய்யும் முறையில்தான் உயிர் இருக்கிறது. இறங்க வேண்டியது முழங்காலால், இடுப்பால் இல்லை. இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்னும் நினைவிருக்கிறது. என்னைவிட ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயரமான ஒருவரோடு ஸ்பாரிங். உடலுக்கு ஜாப் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்தது. நான்காவது முறை சோம்பல் வந்து, முழங்காலை மடக்காமல் இடுப்பை வளைத்து, தரையைப் பார்த்தபடி கையை நீட்டினேன். கீழேயிருந்து வந்த அப்பர்கட்டை நான் பார்க்கவே இல்லை. பல் காப்பு ரிங்குக்கு வெளியே போய் விழுந்தது. கோச் கேட்டது ஒரே கேள்வி: "அவர் கழுத்து எங்கே இருந்தது?" எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து உடலுக்குக் குத்தும்போது கண்ணை அவர் கழுத்தடியில் வைத்திருக்கிறேன். கண் அங்கே இருந்தால் முதுகு தானாக நிமிரும். முதுகு நிமிர்ந்தால் முழங்கால்தான் மடங்கியாக வேண்டும்.

அப்புறம், இறங்கும்போது தலை நேராக இறங்கக் கூடாது. நம் வலப்பக்கமாக ஒரு தலை அகலம் விலகி இறங்க வேண்டும், அதாவது அவர் இடது தோளுக்கு வெளியே. அங்கே அவர் வலது கை வந்து சேர அதிக தூரம் பிடிக்கும். அவர் இடது ஹுக் மட்டும் அருகில் இருக்கும். அதனால் நம் வலது கையுறை கன்னத்தை விட்டு ஒரு விரல்கூட நகரக் கூடாது. இடது தோள் தாடையை மூட வேண்டும். குறி வயிற்றுக்குழி. விலாவின் பக்கம் போனால் முழங்கையில் பட்டு நம் விரல் கணுதான் வீங்கும்.

இந்தக் குத்து வலிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஐந்தாறு முறை பட்ட பிறகு உயரமானவரின் வலது முழங்கை மெதுவாக வயிற்றை நோக்கி இறங்கும். சிலருக்கு இடது கையும் இறங்கும். நாம் காத்திருந்தது அதற்குத்தான். அதே முழங்கால் மடக்கல், அதே தோள் அசைவு, ஆனால் இந்த முறை எழுந்தபடியே ஜாப் தாடைக்குப் போகிறது. எழும்போது கால்கள் தரையைத் தள்ளும் விசை குத்தோடு சேர்வதால் அது வெறும் கைக்குத்தாக இருக்காது. காணாமல் போன ஐந்து சென்டிமீட்டரையும் முன்னால் எடுத்து வைக்கும் அந்த அடி திருப்பித் தந்துவிடும். ஒரே இறக்கத்திலிருந்து இரண்டு இலக்கு: எது வருகிறது என்று அவருக்குத் தெரியாதவரை சண்டை நம் கையில்.

குறையும் உண்டு. உடலுக்கு விழும் ஜாப் நடுவர்களின் கண்ணில் தலைக்கு விழும் குத்துபோல் பளிச்சென்று தெரியாது. மூன்று நிமிட ரவுண்டுகள் மூன்றே மூன்று நடக்கும் அமெச்சூர் போட்டியில், எதிராளியின் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுக்கக் காலமும் போதாது. பத்து, பன்னிரண்டு ரவுண்டு போகும் தொழில்முறைச் சண்டையில் அது நல்ல முதலீடு. அமெச்சூரில் உடல் ஜாபை நம்பியே மூன்று ரவுண்டையும் ஓட்டினால் நன்றாகச் சண்டை போட்டும் தோற்றுவிட்டு வருவீர்கள். அங்கே முதல் ரவுண்டில் உடலுக்கு, பிறகு தலைக்கு என்று சீக்கிரம் மாறியாக வேண்டும்.

ஹெவிவெயிட்கள் இருவரைப் பாருங்கள்: உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக் 191 சென்டிமீட்டர், பிரிட்டனின் டைசன் ஃப்யூரி 206. நாம் மேலே போட்ட கணக்கில் இருந்த அதே 15 சென்டிமீட்டர் வித்தியாசம். ரீச்சில் 18 சென்டிமீட்டர் குறைவு. 2024 மே மாதம் ரியாத்தில் நடந்த முதல் சண்டையில் உசிக் தொடக்கத்திலிருந்தே ஃப்யூரியின் உடலையும் குறிவைத்தார். நடுவில் சில ரவுண்டுகள் கைவிட்டுப் போயின. ஒன்பதாவதில் ஃப்யூரியைத் தடுமாற வைத்து, பிளவுபட்ட தீர்ப்பில், அதாவது மூன்று நடுவர்களில் இருவர் அவர் பக்கம் சொன்னதால், வென்றார். அதே வருடம் டிசம்பரில் மறுபடியும் மோதியபோது மூன்று நடுவர்களுமே 116-112 என்று அவருக்குக் கொடுத்தார்கள். சின்னவர் பெரியவரை ஜாபோடும் காலோடும் சேர்த்து எப்படி வேலை வாங்குவது என்று பார்க்க இந்த இரண்டு சண்டையும் போதும். நான் பலமுறை ஒலியை அணைத்துவிட்டு உசிக்கின் முன்காலை மட்டும் பார்த்திருக்கிறேன்.

எதிர் ஜாப்

நாம் கடக்க வேண்டிய தூரத்தை அவரையே கடக்க வைப்பது எதிர் ஜாப். உயரமானவர் ஜாப் போடும்போது அவர் தோளும் தாடையும் முன்னால் வருகின்றன, எடை முன்காலுக்குப் போகிறது, அந்தக் கணத்தில் பின்னால் போக முடியாது. அதே நேரத்தில் நம் ஜாபும் கிளம்பினால் அவரே வந்து அதில் மோதிக்கொள்கிறார்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, வலப்பக்கம் ஸ்லிப் செய்துகொண்டே, அதாவது குத்து கடந்து போகும்படி தலையை விலக்கிக்கொண்டே, ஜாப் போடுவது. அவர் கை நம் இடது காதோரம் போகும்போது நம் கை உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். இடப்பக்கம் ஸ்லிப் செய்தால் அவர் வலது கையின் மடியில்தான் போய் விழுவோம். இரண்டாவது வழி, வலது உள்ளங்கையால் அவர் ஜாபைத் தாடைக்கு முன்னாலேயே பிடித்து, அதே நொடியில் இடது கையை விடுவது. பிடிக்கும் கை அவர் குத்தைத் தேடி முன்னால் போகக் கூடாது. தேடிப் போகிறவரை அவர் ஒரு பொய்க் குத்தால் ஏமாற்றிவிட்டு ஹுக் போடுவார்.

1973 மார்ச் 31 அன்று சான் டியாகோவில் கென் நார்ட்டன் முகமது அலியின் தாடையை உடைத்து வென்ற சண்டை இதற்குப் பெரிய பாடம். நார்ட்டன் அலியைவிடக் குள்ளம் இல்லை. ஆனால் அலியின் ஜாபைத் தாண்ட முடியாமல் திணறிய எல்லோருக்கும் அந்தப் பாடம் பொருந்தும். அலி ஜாப் போடும்போது அவர் வலது கை தாடையைக் காக்கும் இடத்தில் இருப்பதில்லை என்று நார்ட்டனின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் கவனித்திருந்தார். அலி ஜாப் போடும்போதெல்லாம் நீயும் ஜாப் போடு, அவர் குத்தை உன் வலது கையுறையில் வாங்கிக்கொள் என்பதுதான் திட்டம். அலியின் மிகப்பெரிய ஆயுதமே அவருக்கு ஆபத்தாக மாறியது.

இதே இடத்தில் ஜோ ஃப்ரேசியரையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலரும் அவரைத்தான் முன்மாதிரியாக எடுத்துக்கொள்கிறோம். 182 சென்டிமீட்டர் உயரத்தோடு 1971 மார்ச் 8 அன்று 191 சென்டிமீட்டர் அலியை வென்றவர். அவர் ஜாபை நம்பவில்லை. ஓயாத தலை அசைவாலும் இடது ஹுக்காலும் உள்ளே போனார். பதினைந்தாவது ரவுண்டில் அந்த ஹுக்கால் அலியைத் தரையில் விழவைத்தார். ஆனால் உள்ளே போகும் வழியில் அவர் வாங்கிய குத்துகளை எண்ணிப் பாருங்கள். ஜெயித்தவர் முகமும் அன்று வீங்கித்தான் இருந்தது. அந்த உடம்பும் அந்த நெஞ்சுரமும் இருப்பவர்களுக்கு அந்த வழி. மற்றவர்கள் ஜாபைப் பழகுவது நல்லது.

எதிர் ஜாபின் சிக்கல், கற்றுக்கொள்ள அதிக நாள் பிடிக்கும் என்பதுதான். கண்ணும் கையும் சேர்ந்து பழக மாதங்கள் ஆகும். எதிராளி ஜாப் போட்டால்தான் இது வேலை செய்யும். போடாமல் காத்திருப்பவரிடம் நாமும் காத்திருந்தால் ரவுண்டு போய்விடும். அவர் தோள் லேசாக உயர்வது, முன்கால் விரல் அழுந்துவது போன்ற அறிகுறிகளைப் படிக்கத் தெரியாமல் இதில் இறங்க வேண்டாம்.

தலை அசைவும் ஜாபும் ஒருசேரக் காணாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மைக் டைசனே சாட்சி. 178 சென்டிமீட்டர் உயரத்தில் தன்னைவிட நெடிய ஹெவிவெயிட்களை வரிசையாகச் சாய்த்தவர். இளமையில் அவர் ஜாப் அழகாக இருக்கும், தலை ஒரு நொடி ஓரிடத்தில் நிற்காது. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸுக்கு எதிரே அந்த இரண்டும் இல்லை. ஒற்றைக் குத்தைத் தேடி நேராக உள்ளே நடந்தார். ரீச்சில் 30 சென்டிமீட்டர் கூடுதலாக இருந்த டக்ளஸ் ஜாபாலேயே அவரை நிறுத்தி வைத்து, பத்தாவது ரவுண்டில் முடித்துவிட்டார்.

கையைக் குறிவைப்பது

சில உயரமானவர்கள் இடது கையை முன்னால் நீட்டியே வைத்திருப்பார்கள், வாசலில் போட்ட தாழ்ப்பாள் மாதிரி. அவர்களிடம் ஜாபை முகத்துக்கு அனுப்பிப் பயனில்லை. அந்தக் கையுறையையே குத்துங்கள், தட்டுங்கள், கீழே அழுத்துங்கள். அது விலகிய கணத்தில் அடி எடுத்து வைத்து உள்ளே போகலாம். 2020 டிசம்பரில் மெக்சிகோ பாக்சர் கனெலோ ஆல்வரெஸ் தன்னைவிட ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் உயரமான கேலம் ஸ்மித்தை வென்ற சண்டையில், தலையும் உடலும் கிடைக்காதபோது கைகளையே குத்தினார். ஸ்மித்தின் இடது புஜம் காயப்பட்டு வீங்கியது. அதற்குள் ஸ்மித்தின் ஜாபுக்கு வலுவே இல்லாமல் போயிருந்தது. கையில் விழும் குத்துக்குப் புள்ளி கிடையாது. அதனால் இதை மட்டுமே செய்து சண்டையை வெல்ல முடியாது.

போடாமல் போடுவதுபோல் காட்டும் பொய் ஜாபும் இந்த வரிசையில்தான் வரும். ஆனால் உடலில் நாலு ஜாப் உண்மையாகப் பட்ட பிறகுதான் அவர் பொய்யை நம்புவார். அதற்கு முன்னால் காட்டினால் நம் கால்தான் வீணாகக் களைக்கும்.

சரி, எதை எடுப்பது?

பின்னால் போகிறவருக்கு இரட்டை ஜாப். ஆனால் நேராகத் துரத்தாமல், கயிற்றை நோக்கி அவர் போகும் பக்கத்தை அடைத்துக்கொண்டே போக வேண்டும். நின்று நிறைய ஜாப் போடுகிறவருக்கு எதிர் ஜாப். அது இன்னும் கைவரவில்லை என்றால் உடலுக்கு. வலது கையால் குத்தக் காத்துக்கொண்டு நிற்பவருக்கு உடலுக்குத்தான், அதுவும் வலப்பக்கம் நன்றாக விலகி. கையை நீட்டி வைத்திருப்பவருக்குக் கையுறை. கிட்டே போனதும் கட்டிப்பிடித்து எடையைப் போடுகிறவர்தான் சள்ளை. அவரிடம் உடலுக்கு ஒரு ஜாப் போட்டுவிட்டு உடனே முன்காலில் சுழன்று பக்கவாட்டுக்குப் போய்விடுங்கள், மார்போடு மார்பு நிற்கவே நிற்காதீர்கள்.

எந்த ஜாபாக இருந்தாலும் அதற்குப் பிறகு கால் எங்கே போகிறது என்பதில்தான் நான் அதிகம் அடி வாங்கியிருக்கிறேன். குத்திவிட்டு நேராகப் பின்னால் வந்தால், நாம் வந்து நிற்கும் இடம் அவர் கைக்குக் கச்சிதமான தூரம். ஒன்று, நெஞ்சு தொடும் அளவுக்கு முழுவதும் உள்ளே போய்க் குத்த வேண்டும். இல்லையென்றால் அவர் இடது தோளுக்கு வெளியே, பக்கவாட்டில் வெளியேற வேண்டும். நடுவில் நிற்பதற்கு இடமே இல்லை.

பழகும் வரிசையை என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் ஒரு மாதம் குத்துவது உடலுக்கு ஜாப் மட்டும். தோள் உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, ஒவ்வொரு முறையும் அதன் கீழே முழங்காலால் இறங்கிப் போடுங்கள். தொங்கும் பையில் உயரமானவரின் வயிற்றுக்குழி வரும் இடத்தில் ஒரு ஒட்டுப் பட்டை ஒட்டி அதையே குத்துங்கள். இரண்டாவது மாதம் அதே இறக்கத்திலிருந்து தலைக்கு, கூடவே இரட்டை ஜாப். எதிர் ஜாபை முதல் நாளிலிருந்தே மெதுவாகத் தொடங்கிவிடலாம்: கூட்டாளி அரை வேகத்தில் ஜாப் மட்டும் போடட்டும், நீங்கள் ஸ்லிப் மட்டும் செய்யுங்கள், கை பிறகு வரட்டும். இரண்டே மாதத்தில் போட்டி வருகிறது என்றால் எதிர் ஜாபை மறந்துவிட்டு, உடலுக்கும் தலைக்கும் மாறி மாறிப் போடுவதை மட்டும் கூர்மையாக்குங்கள்.

எதிரே நிற்பவர் சவுத்பா என்றால் இந்த வரிசை மாறும். அவர் வலது கையும் நம் இடது கையும் நேருக்கு நேர் நிற்பதால் இரண்டு ஜாபும் வழியிலேயே மோதிக்கொள்ளும். வெளிப்பக்கம் என்பது இப்போது நம் இடப்பக்கம். முன்கால் அவர் முன்காலுக்கு வெளியே இருக்க வேண்டும், தலையும் இடப்பக்கமே இறங்க வேண்டும். வலப்பக்கம் இறங்கினால் அவருடைய இடது கை காத்திருக்கிறது. கல்லீரல் இருக்கும் வலப்பக்க விலா அவருக்கு முன்னால் இருப்பதால் உடல் ஜாபுக்கு மவுசு கூடுகிறது, ஆனால் அவர் முன்கை முழங்கை அதை மறைத்துக்கொண்டிருக்கும். அதனால் கையைக் குறிவைப்பது இங்கே முதல் இடத்துக்கு வந்துவிடுகிறது. அவர் வலது கையுறையை இரண்டு முறை தட்டுகிறேன். மூன்றாவது முறை தட்டுவதுபோல் காட்டும்போது அவர் கை மேலே போகும். நான் இடப்பக்கம் இறங்கி அந்த முழங்கைக்குக் கீழே போடுகிறேன்.